வடக்கே போன கண்டம்

நடந்தவை, வரிசைப்படி:

1. ஜமுனாமரத்தூரில் ஒரு சந்தை நாளன்று, பள்ளிக்கூட மைதானத்தில் நின்று, பூமியின் கண்டங்கள் ஏன் நகர்கின்றன என்று நான் பேசினேன்.
2. பேச்சு எல்லாருக்கும் புரிந்தது.
3. புரிந்துவிட்டதால் ஒரு கல்யாணம் நின்றுபோனது.
4. நின்ற கல்யாணத்தை நடத்திவைக்க, நான் பட்டுச்சேலை கட்டி, தலையில் பூசணிக்காய் சுமந்து, மலைச்சரிவில் இறங்கினேன்.
5. பூசணிக்காய் எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்தது.

இவ்வளவுதான். அறிக்கை எழுதிப் பழகிய கை என்பதால் ஐந்து வரியில் அடங்கிவிட்டது. இதையே என் அம்மா சொல்ல ஆரம்பித்தால் ஒரு சாயங்காலம் முழுக்கப் போகும், நடுவில் காபி வேறு வரும். அம்மா சொல்லும் வடிவத்தில் நான் சரிவில் உருண்டேன் என்று ஒரு கட்டம் உண்டு. அது பொய். உருண்டது பூசணிக்காய் மட்டும்தான்.

எழுபதுகளின் கடைசியில் நிலவியல் படித்து முடித்த கையோடு, பாறைகளை வரைபடத்தில் குறிக்கும் வேலைக்காக ஜவ்வாது மலைக்கு வந்தேன். கையில் ஒரு சுத்தியல், ஒரு திசைகாட்டி. தலையில் மட்டும் கொஞ்சம் கனம் அதிகம். காரணம், கண்டங்கள் நகர்கின்றன என்பது அப்போது புதுச் சரக்கு. எங்கள் கல்லூரியிலேயே மூத்த பேராசிரியர் ஒருவர் கடைசி வரை அதை ஒப்புக்கொள்ளவில்லை. "நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து இந்தக் கட்டடம் இதே இடத்தில்தான் இருக்கிறது" என்பார். அவருக்குப் புரியாதது எனக்குப் புரிந்துவிட்டது என்ற மிதப்பில், கண்ணில் பட்டவர்களுக்கெல்லாம் அதைச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஒரு முறை போளூரிலிருந்து மலை ஏறும் பஸ்ஸில் கண்டக்டரிடம், "இந்த மலை ஒரு காலத்துல அண்டார்டிகாவோட ஒட்டிக்கிட்டு இருந்துச்சு தெரியுமா?" என்று கேட்டேன். அவர் பையிலிருந்து கையை எடுக்காமல், "அப்ப டிக்கெட்டு அங்கேர்ந்து போட்டுடவா?" என்றார். (அப்போதாவது நான் உஷாராகியிருக்கலாம்.)

எனக்குப் பாதை காட்டவும், நான் உடைத்துத் தரும் கல் துண்டுகளைப் பையில் போட்டுத் தூக்கிவரவும் வள்ளி என்ற பெண் வேலைக்கு வந்தாள். என்னைவிடச் சின்னவள். ஆனால் என்னை அதட்டும் உரிமையை முதல் நாளே எடுத்துக்கொண்டாள். 'அக்கா' என்பது மாறாது. 'நீங்க'வும் 'நீ'யும் அவளுடைய கோபத்தைப் பொறுத்து மாறும்.

"எங்க ஊர்ல கல்ல பொறுக்கி நெலத்துக்கு வெளிய போடுவாங்க. நீங்க ஒருத்தர்தான்க்கா பொறுக்கி வூட்டுக்கு எடுத்துகினு போறீங்க. படிச்சா இப்டித்தான் ஆவுமா?"

வள்ளிக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை சென்றாயன், வடக்கே அடுத்த சரிவில் இருக்கும் ஊர். வாயே திறக்காத பையன். அவன் வாய் திறக்காததால் அவனுடைய அம்மா முனியம்மாவின் மனசை வள்ளியேதான் கரைக்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு சந்தைக்கும் அந்த அம்மாவின் புளிக்கூடையைத் தன் தலையில் வாங்கிச் சுமந்து, அவர் சொல்வதற்கெல்லாம் 'ஆமாங்க அத்த' போட்டு, ஒரு வழியாகச் சம்மதம் வாங்கியிருந்தாள். "கூடைய எறக்கி வெக்கும்போதே சரின்னுட்டாங்கக்கா" என்று அவள் என்னிடம் சொன்னபோது முகத்தைத் துணிப்பையால் மூடிக்கொண்டாள். உள்ளே கல் இருந்ததால் மூக்கில் இடித்தது. அதற்கும் சிரித்தாள்.

இந்த நிலையில்தான் பள்ளித் தலைமையாசிரியர் என்னைப் பேசக் கூப்பிட்டார். சந்தை நாளில் வைத்தால் பெற்றோரும் வருவார்கள் என்பது அவர் யோசனை. வந்தார்கள். புளி விற்க வந்தவர்கள், சாமை விற்க வந்தவர்கள், பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்கள், எல்லாரும் வந்து வேலியோரமாகக் குந்திக்கொண்டார்கள்.

நான் முழு ஏற்பாட்டோடு போயிருந்தேன். மூன்று கல் கூட்டி, அடுப்பு மூட்டி, அதில் ஒரு பெரிய பானை நிறையக் கூழ். கூழின் மேல் பலா இலைத் துண்டுகள். ஒன்று ஆப்பிரிக்கா, ஒன்று ஆஸ்திரேலியா, ஒன்று இந்தியா. அடியில் சூடு ஏற ஏற, கூழ் நடுவில் பொங்கி மேலே வந்து, பக்கவாட்டில் விலகி, ஓரத்தில் ஆறிக் கீழே இறங்கியது. இலைகளும் கூடவே நகர்ந்தன.

"பூமிக்கு அடியிலயும் இப்படித்தான்," என்றேன். "அங்க இருக்கிறது கூழ் இல்ல, கெட்டிப் பாறைதான். ஆனா அவ்வளவு சூட்டுல, கோடிக்கணக்கான வருஷத்துல, பாறையும் மெதுவா ஓடும். கடலுக்கு நடுவுல புதுத் தரை உண்டாகும். பழைய தரை ஆறி, கனத்து, ஓரத்துல கீழ முங்கும். முங்கும்போது மிச்சத் தரையையும் இழுத்துக்கிட்டுப் போகும். அதனாலதான் கண்டம் நகருது."

ஆஸ்திரேலியா கவிழ்ந்தது. இந்தியா பானை ஓரத்தில் போய் ஒட்டிக்கொண்டது. நான் பெருமையோடு நிமிர்ந்தேன். தலைமையாசிரியர் என் பக்கம் சாய்ந்து, "மேடம், ஜனங்களுக்குப் புரியற மாதிரி ஏதாவது உதாரணம்..." என்றார்.

முன் வரிசையில் வள்ளி உட்கார்ந்திருந்தாள். நான் செய்த காரியத்தை இப்போது நினைத்தாலும் காது சூடாகிறது.

"நம்ம வள்ளியை எடுத்துக்கங்க," என்றேன். "பொறந்த வீடு எங்க இருக்கு?"

"தெற்கால!" என்றார்கள் பிள்ளைகள்.

"கல்யாணம் ஆனா எங்க போவா?"

"வடக்கால!"

"அதே மாதிரிதான்! இந்தக் கண்டமும் தெற்கேருந்து கிளம்பி நேரா வடக்கே போகுது. போய் மோதுது. மோதின இடத்துல தரையே எழும்பி மலையாகுது. அங்க அடிக்கடி நிலம் நடுங்குது. ஒரு தடவை மோதிட்டு நின்னுருச்சான்னா, இல்ல. இன்னிக்கும் மோதிக்கிட்டேதான் இருக்கு. இனிமேலும் மோதும். யாராலயும் தடுக்க முடியாது. புரிஞ்சுதா?"

"புரிஞ்சுதுங்க" என்று வேலியோரத்திலிருந்து ஒரு குரல் வந்தது. மற்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பின்னாலிருந்து ஒரு அம்மாள் எழுந்து, சேலையை உதறிக்கொண்டு, கூடையைத் தானே தலையில் ஏற்றிக்கொண்டு போனார். அறிவியல், மனிதர்களை எப்படி உலுக்கிவிடுகிறது என்று நினைத்துக்கொண்டேன். எங்கள் ஜீப் டிரைவர் பாஷா பாய் அடுப்பை அணைத்து, உப்புப் போட்டு, ஆப்பிரிக்காவை எடுத்தெறிந்துவிட்டு, அந்தக் கூழைக் குடித்தார்.

மறுநாள் காலை அவர்தான் செய்தி கொண்டுவந்தார்.

"இன்னா மேடம் இப்டி பண்ணிட்டீங்க? வள்ளி கல்யாணம் நின்னுபோச்சு."

"ஐயையோ! ஏன்?"

"அந்தப் பொண்ணுக்கு கண்டம் கீதுன்னு நீங்க சொல்லிட்டீங்களாமே. போற வூட்டுக்கு அதையும் கூட்டிகினு போவுமாம். வூடு நடுங்குமாம். தடுக்கவே முடியாதாம். முனியம்மா நேத்து சந்தையிலயே கேட்டுட்டுப் போய்ட்டாங்க."

கண்டம்! ஜோசியர்கள் சொல்வார்களே, 'தண்ணியில கண்டம்', 'முப்பது வயசுல ஒரு கண்டம்' என்று, உயிருக்கு வரும் ஆபத்து. அந்தக் கண்டம். ஐந்து வருஷம் நிலவியல் படித்த எனக்கு, பிறந்ததிலிருந்து பேசிய தமிழில் அந்தச் சொல்லுக்கு அப்படி ஒரு பொருள் இருப்பது ஒரு தடவைகூட ஞாபகத்துக்கு வரவில்லை. (என் ஜாதகத்திலேயே ஒன்று இருக்கிறது. வாகனத்தில்.)

"பாய், நான் ஜோசியக்காரியா? நான் பாறை பார்க்கிறவ."

"அது எனக்குத் தெரியும் மேடம். ஆனா மொத நாளு நீங்க காவலூர்லேர்ந்துதான ஜீப்புல வந்து எறங்குனீங்க? அங்க பெரிய கண்ணாடி வெச்சு நட்சத்திரம் பாக்குறாங்க இல்ல, நீங்களும் அந்த கோஷ்டின்னு ஊரே நெனச்சிகினு கீது. சாதா ஜோசியரு கட்டத்தப் பாத்துச் சொல்வாரு. நீங்க நட்சத்திரத்தையே பாத்துட்டுச் சொல்றீங்க. தப்புமா?"

அதற்குள் வள்ளி வந்துவிட்டாள். கல் பையை என் காலடியில் தொப்பென்று போட்டாள். அழுது முடித்த முகம்.

"நான் உனக்கு இன்னாக்கா பண்ணேன்? கல்லு தூக்கினேன். பாம்பு கீற எடத்துல போவாதேன்னு சொன்னேன். அதுக்கா ஊரு நடுவுல என் பேர இழுத்துவெச்சு கண்டத்த கட்டிவிட்ட?"

"வள்ளி, நான் வந்து சரி பண்றேன்."

"நீ பேசறதா?" என்றாள். அவள் முகத்தில் இன்னொரு பயம் தெரிந்தது. "மறுபடியுமா?"

ஆனாலும் வேறு வழி இல்லை. இரண்டு பேரும் அன்றைக்கே வடக்குச் சரிவில் இருக்கும் ஊருக்கு நடந்தோம். போகும் வழியில் மனசுக்குள் வரிசைப்படுத்திக்கொண்டேன். ஒன்று, கண்டம் என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் என்று விளக்குவது. இரண்டு, மன்னிப்புக் கேட்பது. மூன்று, கூழைப் பற்றி வாயே திறக்கக் கூடாது.

முனியம்மா வாசலில் உட்கார்ந்து இரும்புத்தடியால் புளியைத் தட்டிக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் இரண்டு மூன்று பெண்கள். வள்ளியை நிமிர்ந்தும் பார்க்கவில்லை. என்னிடம் மட்டும், "வாம்மா. குந்து" என்றார்.

"அம்மா, நான் சொன்னது வேற கண்டம்."

"வேறயா?" தடி ஒரு கணம் நின்றது. "அப்ப ரெண்டு கீதா?"

"இல்லம்மா. நான் சொன்னது நிலத்தை. இந்தப் பூமியில மொத்தம் ஏழு கண்டம்..."

"ஏழா!"

"அடி ஆத்தா" என்றாள் ஒரு பெண், மார்பில் கை வைத்து.

"ஏழுமே நகருது," என்றேன், உதவியாக இருக்கும் என்று நினைத்து. "அதுல நாம எல்லாருமே ஒரு கண்டத்துலதான் மாட்டி... அதாவது, ஒரு கண்டத்து மேலதான் உக்காந்திருக்கோம்."

அந்தப் பெண் உட்கார்ந்த இடத்திலிருந்து சட்டென்று எழுந்து நின்றாள். பின்னாலிருந்து வள்ளி என் இடுப்பில் கிள்ளினாள். "அக்கா, உன் கால்ல விழறேன், வாய மூடுக்கா."

முனியம்மா தடியைக் கீழே வைத்தார். கோபம் இல்லை, பயம்தான். அதைப் பார்த்தபோதுதான் எனக்கு உண்மையிலேயே வெட்கமாக இருந்தது. அவருக்கு வள்ளியைப் பிடித்திருந்தது. கூடையைத் தானே தூக்கிக்கொண்டு போனது அவருக்கும் கஷ்டமாகத்தான் இருந்திருக்கிறது.

"இந்தப் பொண்ணு மேல எனக்கு ஒண்ணும் இல்லம்மா," என்றார். "எனக்கு ஒரே புள்ள. அதான் கேக்கறேன், மறைக்காம சொல்லு. அந்தக் கண்டம் எங்ககிட்ட வந்து சேர எத்தினி நாளாவும்?"

பொய் சொல்லியிருந்தால் வேலை சுலபமாக முடிந்திருக்கும். 'அதெல்லாம் போய்விட்டது' என்று ஒரு வார்த்தை போதும். ஆனால் நான் அளந்து சொல்லியே பழகியவள்.

"அது மோதுறது இங்க இல்லம்மா. வடக்கே, ரொம்ப தூரத்துல, இமயமலைப் பக்கம். நகர்றது உண்மைதான். ஆனா ரொம்ப மெதுவா. நகம் வளர்ற வேகத்துல."

முனியம்மா தன் கையைத் திருப்பிப் பார்த்தார். புளிக்கறை படிந்த நகம். "இந்த நகமா?"

"ஆமாம்மா."

"ஒரு வருசத்துக்கு எத்தினி தூரம் வரும்?"

"ரெண்டு மூணு விரல் அகலம்."

"அப்ப இந்த வள்ளி கெழவியாவுறதுக்குள்ள?"

"உங்க வாசலைத் தாண்டாது."

அவர் வாசலை ஒரு பார்வை பார்த்தார். உள்ளே எட்டி ஒரு பார்வை பார்த்தார். அங்கே அவர் கணவர் சுவரில் சாய்ந்து, எழுந்திருப்பதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார். முனியம்மாவின் உதடு துடித்தது. அடுத்த கணம் வாய்விட்டுச் சிரித்துவிட்டார்.

"எங்க வூட்டுக்காரரே இதவிட வேகமா நடப்பாரு! இவ்ளோ மெதுவா வர்ற கண்டத்துக்கா நான் மூணு வேளையா சோறு துன்னாம கெடந்தேன்?"

வள்ளி மெதுவாக முன்னால் வந்து, கொட்டை எடுக்காத புளியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். முனியம்மா தடுக்கவில்லை. ஆனால் என் பக்கம் விரலை நீட்டினார்.

"கல்யாணம் நடக்கும். ஆனா ஊரு கேக்க ஒரு வார்த்த சொல்லிட்ட. அத எங்கனாச்சும் எறக்கி வெக்கணும். தூக்கிவிட்டது யாரு? நீதான். நீதான் எறக்கணும்."

இறக்கும் முறையும் அவரே சொன்னார். பெண்ணை அழைத்து வரும்போது நான் ஒரு பூசணிக்காயைத் தலையில் வைத்துக்கொண்டு எல்லாருக்கும் முன்னால் நடக்க வேண்டும். மாப்பிள்ளை ஊர் எல்லையில் அதைப் போட்டு உடைக்க வேண்டும். கண்டம் அதோடு தீர்ந்தது. அந்த ஊரில் அப்படி ஒரு வழக்கம் முன்பே இருந்ததா, என்னைப் பார்த்ததும் அன்றைக்குத்தான் உண்டானதா என்று இன்று வரை எனக்குத் தெரியாது. கேட்கவும் தைரியம் வரவில்லை.

கல்யாணத்தன்று காலை, அம்மா கொடுத்தனுப்பியிருந்த பட்டுச்சேலையைக் கட்டினேன். கீழே வேலைக்குப் போடும் பூட்ஸ். (மலைச்சரிவில் செருப்பு நிற்காது. தொழில் தெரிந்தவள் நான்.) தலையில் சும்மாடு, அதன் மேல் பூசணிக்காய். வள்ளி வீட்டில் வேண்டுமென்றே இருப்பதில் பெரியதாகப் பார்த்துப் பறித்திருந்தார்கள். எனக்குப் பின்னால் மேளம், அதற்குப் பின்னால் வள்ளி, அவளுக்குப் பின்னால் ஊர், கடைசியில் பாஷா பாய்.

"மேடம், கழுத்த ஆட்டாதீங்க!" என்று அங்கிருந்தே கத்தினார்.

"ஆட்டல பாய்!"

"பேசாதீங்க! பேசுனா ஆடும்!"

ஆச்சரியம் என்னவென்றால், நன்றாகவே நடந்தேன். ஒரு ஓடை, இரண்டு பாறை இடுக்கு, ஒரு கொள்ளுக்காடு, எதிலும் தடுமாறவில்லை. கடைசிச் சரிவு வந்தது. கீழே மாப்பிள்ளை வீட்டார் ஆரத்தித் தட்டோடு நிற்பது தெரிந்தது. நடுவில் புது வேட்டியில் சென்றாயன். பக்கத்தில் ஒரு கல்லின் மேல் அவன் அப்பா.

அப்போது பாதையோரத்தில் அதைப் பார்த்தேன். வெளுத்த பாறையைக் குறுக்கே வெட்டிக்கொண்டு ஏறும் ஒரு கறுப்புப் பாறை. இரண்டும் சேரும் கோடு கத்தியால் கீறியது போல் அவ்வளவு தெளிவு. அந்தக் கோட்டைத்தான் நான் மலை முழுக்கத் தேடிக்கொண்டிருந்தேன். அது எந்தப் பக்கம் சாய்கிறது என்று தெரிந்துகொள்ள...

குனிந்தேன்.

(எங்கள் தொழிலில் இது ஒரு வியாதி. சாவு வீட்டில்கூடப் படிக்கட்டுக் கல்லைக் குனிந்து பார்ப்பவர்கள் உண்டு.)

பூசணிக்காய் குனியவில்லை. நேராக முன்னால் போனது. ஒரு முறை தரையில் குதித்து, மாடு போகும் பாதையைப் பிடித்து, தெற்கிலிருந்து வடக்காக, ஒரு சந்தேகமும் இல்லாமல் உருண்டது. மேளம் நின்றது. எனக்குப் பின்னால் வள்ளி, "அக்கா!" என்று ஒரு சத்தம் போட்டாள். அதில் 'நீங்க'வும் இல்லை, 'நீ'யும் இல்லை.

கீழே கூட்டம் இரண்டாகப் பிளந்தது. ஆரத்தி எடுக்க நின்ற பெண் தட்டோடு ஓடினாள். சென்றாயன் மட்டும் நகரவில்லை (பையன் சுபாவமே அப்படி). பூசணிக்காய் அவன் அப்பா உட்கார்ந்திருந்த கல்லை நோக்கிப் போனது. எழுந்திருக்கவே யோசிக்கும் அந்த மனிதர் ஒரே தாவில் பக்கத்து மேட்டுக்குப் போய்விட்டார். காய் கல்லில் மோதி, வெடித்து, மாப்பிள்ளையின் புது வேட்டியில் விதையும் சதையுமாகத் தெறித்தது.

நான் குனிந்த நிலையிலேயே இருந்தேன். வள்ளியைத் திரும்பிப் பார்க்கத் தெம்பில்லை. அந்தப் பெண்ணுக்கு ஒரு தடவை நின்ற கல்யாணத்தை இரண்டாவது தடவையும் நானே நிறுத்திவிட்டேன் என்று நினைத்தேன்.

முனியம்மா நடந்து போய், உடைந்த துண்டுகளைக் காலால் புரட்டிப் பார்த்தார். மகனின் வேட்டியைப் பார்த்தார். மேட்டில் நின்ற கணவரைப் பார்த்தார். பிறகு இடுப்பில் கை வைத்துக்கொண்டு, மேலே இருந்த என்னைப் பார்த்துக் கத்தினார்.

"ஏம்மா! நகம் வளர்ற வேகத்துல வரும்னு சொன்ன? உங்க ஊர்ல நகம் இப்டியா வளரும்?"

மலையே சிரித்தது. மேளக்காரர் சிரித்துக்கொண்டே அடிக்க ஆரம்பித்ததால் தாளம் எங்கோ போனது. "வந்துச்சு, மோதுச்சு, ஒடஞ்சுது, தீந்துது! பொண்ண கூட்டிகினு வாங்க!" என்றார் முனியம்மா. என்னைக் கடந்து போகும்போது வள்ளி நிற்கவில்லை. என் தலையில் கோணலாகத் தொங்கிய சும்மாட்டை மட்டும் எடுத்து, என் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். அவள் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. அழுகிறாளோ என்று பயந்து எட்டிப் பார்த்தேன். சிரிப்பை அடக்கமுடியாமல் மாலையின் பூவைக் கடித்துக்கொண்டிருந்தாள். அன்றைக்குச் சென்றாயனும் வாய் திறந்தான். "வேட்டி பரவால்லக்கா" என்றான். அவன் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

இதெல்லாம் நடந்து சில வருஷங்கள் ஆகிவிட்டன. அந்த வீட்டில் இப்போது 'நகம் வேகம்' என்றால் மின்னல் வேகம் என்று அர்த்தம். கடைக்கு அனுப்பும்போது "நகம் வளர்ற வேகத்துல போய்ட்டு வா" என்பார்கள். வள்ளியின் மகள் தலைதெறிக்க ஓடுவாள். அதற்கு வேறொரு பொருளும் உண்டு என்று அந்தக் குழந்தைக்குச் சொல்லிவிடலாமா என்று நான் ஒரு முறை கேட்டேன். முனியம்மா, "நீ சும்மா இரும்மா" என்றார்.

இப்போதைய நிலை: வள்ளிக்கு ஒரு மகள், ஒரு மகன். புளிக்கூடையை மாமியாரும் மருமகளும் மாற்றி மாற்றிச் சுமக்கிறார்கள். பாஷா பாய் ஓய்வு பெற்றுவிட்டார். நான் இன்னும் அதே வேலையில்தான் இருக்கிறேன். பலாப்பழம் பழுக்கும் காலத்தில் மலைக்குப் போகிறேன். அந்தப் பள்ளிக்கூடத்தில் இப்போதும் என்னைப் பேசக் கூப்பிடுகிறார்கள். தலைப்பை மட்டும் முனியம்மாவிடம் கேட்டு முடிவு செய்கிறார்கள். போன முறை, பல் துலக்குவது பற்றிப் பேசினேன்.